பாதி மாத்திரை

மருந்துக்கு அப்போது பெயர் வைக்கவில்லை. கம்பெனிக் காகிதங்களில் அது வெறும் எண் பதினேழு. முதல் பதினாறும் எலிகளோடு எலிகளாகப் போய்ச் சேர்ந்தன. பதினேழாவதோ எலிகளை உயிரோடு விட்டது. கூண்டுக்கு அடியில் விரித்த காகிதத்தையும் நாள் முழுக்க நனையாமல் வைத்திருந்தது. அன்றைக்கு டாக்டர் அறவாழி ஆய்வகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். எலிகளுக்குக் கிடையாது.

தாட்சாயணிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அவள் அந்தக் கம்பெனியில் மருந்துச் சோதனைகளை ஒருங்கிணைப்பவள். மாத்திரையைக் கையில் கொடுப்பது, கேனில் சிறுநீரை வாங்குவது, இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று படிவத்தில் எழுதுவது, இதுதான் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறாள். அவள் எழுதிய படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மருந்தை அறவாழி கண்டுபிடித்தது ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகும் வயசாளிகளுக்காக. ஆனால் வயசாளிகளைச் சோதனைக்குச் சேர்த்தால் ஆளுக்கு ஏழு வியாதி, ஏழு மருந்து. எது எதனால் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இந்த நேரத்தில்தான் ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கடையின் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் சென்னையில் எங்காவது ஒரு கடை இருந்து தொலைக்கிறது. நாலு மாடி, முந்நூற்று நாற்பது பெண்கள், இரண்டு கழிப்பறை; இது போதும்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று அண்ணாச்சி கேட்டார். அறவாழிக்கு இதைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் இல்லை.

“உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் இருக்கு அண்ணாச்சி. அந்தச் சுவர்ல தண்ணி மட்டும் நுழையிற மாதிரி பொடிப்பொடியாக் கதவு. சிறுநீரகத்துல அந்தக் கதவு திறந்தா, வெளிய போக வேண்டிய தண்ணி திரும்ப ரத்தத்துக்கே வந்துடும். மூளை விசில் கொடுத்தாத்தான் கதவு திறக்கும், கண்டக்டர் மாதிரி. நம்ம மருந்து விசில் இல்லாமலே கதவைத் திறந்து பிடிச்சுக்கும்.”

அண்ணாச்சிக்குக் கதவு, விசில் எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. “அப்ப பாத்ரூம் போவ வேண்டாம்?” என்றார்.

“காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம்.”

அண்ணாச்சி எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கடையில் ஒரு முறை உண்டு. மாடிக்கு இரண்டு பித்தளை வில்லை; கோயில் வாசலில் செருப்புக்குத் தருவார்களே, அதே மாதிரி. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் தங்கசாமியிடம் போய், வாடிக்கையாளர் முன்னாலேயே, வில்லையைக் கேட்டு வாங்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆளையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். திரும்பி வந்ததும் மறுபடி குறிப்பார். அப்படி வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் வீணாகிறது என்று அண்ணாச்சி மனப்பாடமாகச் சொன்னார்.

ஒரே விடுதி, ஒரே சாப்பாடு, ஒரே நேரத்தில் வேலை, எல்லோரும் முப்பத்தைந்துக்குள். “எலிக்குக்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது தாட்சாயணி” என்றார் அறவாழி, அண்ணாச்சி போன பிறகு.

அறுபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். தாட்சாயணி ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். முப்பது பேருக்கு மருந்து, முப்பது பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது, பக்கவிளைவு வரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பட்டுப் பிரிவில் மூத்தவளான இசக்கியம்மாள் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

“இதைப் போட்டா அந்த ஆளுகிட்டப் போயி வில்லை கேக்க வேண்டாம்லா?”

வேண்டியிருக்காது என்று தாட்சாயணி சொன்னாள். அறுபது பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

வம்பு அடுத்த படிவத்தில் வந்தது. மூன்றாவது கேள்வி: ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்? காலையில் ஒரு டம்ளர், ராத்திரி இரண்டு. அறுபது பேரும் இதையேதான் சொன்னார்கள், கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. வில்லை கேட்க வெட்கப்பட்டுக் கடையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வரும், முதுகு வலிக்கும், மஞ்சளாகப் போகும். அதெல்லாம் வேலையோடு சேர்ந்தது என்று நினைத்தார்கள். ஆக, சிறுநீரைக் குறைக்கும் மருந்தைச் சோதிக்க வந்த இடத்தில் குறைப்பதற்குச் சிறுநீரே இல்லை.

அறவாழி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, எல்லோரும் தினம் இரண்டு லிட்டர் குடித்தாக வேண்டும் என்று விதி எழுதினார். இரண்டு வாரம் தாட்சாயணி பாட்டிலும் கையுமாக மாடி மாடியாக ஏறி, வளர்ந்த பெண்களுக்குத் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பெண்களுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தங்கசாமியின் நோட்டு நிரம்பி வழிந்தது. குறைக்க வந்தீர்களா கூட்ட வந்தீர்களா என்று அண்ணாச்சி போனில் சத்தம் போட்டார். அந்த இரண்டு வாரத்தோடு சோதனையை நிறுத்தியிருந்தால் மருத்துவ உலகத்துக்கு ஒரு புண்ணியமாகப் போயிருக்கும். நிறுத்துவார்களா?

மருந்து பன்னிரண்டு நாள். பெயர் எழுதிய டப்பாக்களைக் கொடுக்கும்போது தாட்சாயணி கண்டிப்பாகச் சொன்னாள். நான் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும். தினம் ஒன்று, முழுசாக. இரண்டு லிட்டரில் ஒரு மிடறு குறையக் கூடாது. உன் மாத்திரை உனக்கு மட்டும்தான். அறுபது பேரும் கோழி மாதிரித் தலையை ஆட்டினார்கள். கடைசி வரிசையில் முப்பிடாதி என்ற பெண் மட்டும் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். இருபத்திரண்டு வயது, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர், சுங்குடிப் பிரிவு. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை என்று தாட்சாயணிக்கு அவள்மேல் தனியாக ஒரு பிரியம்.

பதினொன்றாம் நாள் மத்தியானம், ஒரு அம்மாளுக்குச் சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது முப்பிடாதிக்கு நாக்குக் குழறியது. சேலையின் விலையைக் கேட்டதற்கு ஆட்டுக்குட்டியைக் கட்டிட்டியா என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரிப்பதற்குள் முப்பிடாதி சரிந்து விழுந்து, கை கால் வெட்டி இழுத்தது. யாரோ இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டர், உப்புச் சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது, ரத்தமே நீர்த்த மோர் மாதிரி இருக்கிறது, இந்தப் பெண் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். விதிப்படி, யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்தார்கள். முப்பிடாதிக்கு வந்தது மாவு இல்லை, மருந்து. உள்ளே போன தண்ணீர் வெளியே போகவில்லை. விதிப்படி மேலும் இரண்டு லிட்டர், மேலும் இரண்டு லிட்டர் என்று அவள் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தலைமாட்டுப் பையில் அந்தச் சின்ன நோட்டு இருந்தது. நாள்தோறும் நேரம் போட்டு, டம்ளர் போட்டு எழுதியிருந்தாள். ஒரு மிடறு குறையவில்லை.

பெண் பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, அன்றைக்கு மாத்திரை விட்டுப்போயிற்றே, பரவாயில்லையா என்று தாட்சாயணியிடம் கேட்டாள். தாட்சாயணி வராந்தாவுக்கு வந்து அழுதாள்.

இதற்குள் சோதனையின் முடிவு வந்துவிட்டது. கணக்குப் பார்த்தவர்கள் கையை விரித்தார்கள். மருந்து சாப்பிட்ட முப்பது பேருக்கும் சிறுநீர் குறைந்திருக்கிறது. மாவு சாப்பிட்ட முப்பது பேருக்கும் சராசரி பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது. எண் பதினேழுக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் இல்லை. அறவாழி ஒரே நாளில் பத்து வயது கூடிப்போனார். அண்ணாச்சி மட்டும் கலங்கவில்லை. மாவே கேட்குமென்றால் மாவையே கொடுத்துவிடலாமே, அது என்ன விலை என்று விசாரித்தார்.

ஆனால் இடிந்துபோன அறவாழிக்கு அந்த முடிவில் ஒரு சௌகரியமும் தட்டுப்பட்டது. ஒன்றுமே செய்யாத மருந்து வலிப்பை மட்டும் எப்படி வரவழைக்கும்? “அந்தப் பொண்ணுக்கு முன்னாலயே இருந்திருக்கும் தாட்சாயணி. மறைச்சுட்டு வேலைக்கு வந்திருக்கா. அப்படியே எழுதிடுங்க” என்றார். அண்ணாச்சி அதையே வேறு விதமாகச் சொன்னார்: வலிப்புக்காரப் பிள்ளையைக் கவுண்டரில் நிறுத்த முடியாது, ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

ஊரிலிருந்து முப்பிடாதியின் தாய் வந்திருந்தாள். கூச்சல் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. தாட்சாயணியின் கையை மட்டும் விடவில்லை.

“வலிப்புன்னு ஒரு சொல்லு ஊருக்குள்ள வந்துட்டா எம்பிள்ளைய எவன்மா கட்டுவான்? அவளுக்குப் பொறந்ததுலருந்து ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல. இது அவ வியாதி இல்லன்னு ஒரு காயிதம் எழுதித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஒரே ஒரு வரி. படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் மருந்து என்று எழுதினால் பெண் நிமிர்ந்து ஊருக்குப் போவாள். நோயாளியின் பழைய வியாதி என்று எழுதினால் அது அவள் பின்னாலேயே சாகும்வரை வரும். மருந்து என்று எழுதத் தாட்சாயணிக்குக் கை துறுதுறுத்தது. எழுதலாம்தான், ஆனால் மருந்துக்கு மைதாவின் வேலைதான் தெரியும் என்று அவளுடைய சொந்தப் படிவங்களே அடுத்த பக்கத்தில் சொல்லும்போது யார் நம்புவார்கள்?

அவள் எல்லாக் காகிதத்தையும் முதலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். முதல் இரண்டு நாள் அளவு, உடம்பு மருந்துக்குப் பழகட்டும் என்று கணக்கில் சேர்க்காமல் விட்டது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாளில் முப்பது பேருக்கு மளமளவென்று குறைந்திருந்தது. முப்பது பேருக்கு ஒரு சொட்டுக் குறையவில்லை. மூன்றாம் நாள் காலையிலிருந்து, ஒன்றிரண்டு பேரைத் தவிர, எல்லோருக்கும் ஒரே அளவு. மருந்து இரண்டு நாள் வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் லீவு போடுமா?

மறுநாள் மத்தியானம் கடையின் சாப்பாட்டு அறைக்குப் போனாள். முறை வைத்துச் சாப்பிட ஆளுக்கு இருபது நிமிஷம். பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த குழம்பு, கூட்டு, ஊறுகாய் எல்லாவற்றையும் நடுவில் கூட்டி வைத்துக்கொண்டார்கள். தன் டப்பாவில் இருப்பதைத் தான் மட்டும் தின்பது அங்கே மானக்கேடு. எட்டுப் பேருக்கு நாலு முட்டை இருந்தது. இசக்கியம்மாள் ஜாக்கெட்டிலிருந்து ஒரு நூலை உருவி, முட்டையைச் சுற்றி இழுத்து, இம்மி பிசகாமல் பாதியாக வெட்டி ஆளுக்கொன்றாக வைத்தாள்.

தாட்சாயணி அந்தப் பாதி முட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இசக்கி, மாத்திரையையும் இப்படித்தான் வெட்டினீங்களா?”

இசக்கியம்மாள் நூலைச் சுருட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“ரெண்டே நாள்ல தெரிஞ்சு போச்சுக்கா, யாருக்குக் கேக்குது, யாருக்குக் கேக்கலன்னு. முப்பது பேரு மகாராணி கணக்கா நிக்காளுவ, முப்பது பேரு தங்கசாமி முன்னால பல்லைக் காட்டிட்டு நிக்கோம். ஒரே பாயில படுக்கோம், இது என்ன நியாயம்? அதான் சோடி சேர்ந்துக்கிட்டோம். விலைச் சீட்டு வெட்டுத பிளேடால வெட்டி, நல்லதுல பாதி, மாவுல பாதி.”

“எல்லாருமா?”

“முப்பிடாதி மட்டும் தர மாட்டேன்னுட்டா. அக்கா சொல்லிருக்காங்க, மீறக் கூடாதுன்னுட்டா. நாங்க அவகூட மூணு நாள் பேசல. அவ தராததுனால ஒரு ஆளுக்குச் சோடி இல்லாமப் போச்சு. அது நான்தான்.”

தாட்சாயணியும் தரையில் உட்கார்ந்தாள். விதியை மீறியவர்கள் பாதி முட்டையும் கையுமாகக் கல்லுக்குண்டு மாதிரி எதிரே இருக்கிறார்கள். அவள் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இது வெளியே தெரிந்தால் அண்ணாச்சி எங்களைத் தொலைத்துவிடுவார் என்றாள் இசக்கியம்மாள். யார் பெயரும் வராது என்று தாட்சாயணி வாக்குக் கொடுத்தாள். யாரோ அவள் கையில் ஒரு பாதி முட்டையை வைத்தார்கள். அவள் அதைத் தின்றாள்.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினாள். மூன்றாம் நாளிலிருந்து ஐம்பத்தெட்டுப் பேர் சாப்பிட்டது பாதி. ஒருத்தி சாப்பிட்டது வெறும் மாவு. ஒருத்தி சாப்பிட்டது முழுசு. காரணம் என்ற கட்டத்தில் மருந்து என்று அழுத்தி எழுதினாள். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அறவாழியின் மேசையில் வைத்தாள்.

அறவாழி படித்தார். முதலில் முகம் கறுத்தது. நாலாவது பக்கத்தில் கொஞ்சம் வெளுத்தது. கடைசிப் பக்கத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“தாட்சாயணி, முழு மாத்திரை ஆபத்து, பாதி மாத்திரை போதும், பாதியில யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இதைக் கண்டுபிடிக்க நமக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். இந்தப் பொண்ணுங்க ஒரு பிளேடை வெச்சு முடிச்சுட்டாங்க.”

அவர் ஊழியர்களுக்கு மறுபடி அல்வா வாங்கினார். முப்பிடாதிக்கு அவள் கேட்ட காகிதம் கிடைத்தது: வலிப்பு இவளுடைய வியாதி அல்ல, மருந்தினால் வந்தது, இனி இம்மருந்தை இவளுக்குக் கொடுக்கக் கூடாது. கீழே அறவாழியின் கையெழுத்து, நீல முத்திரை. அந்தக் காகிதத்தைப் பார்த்து அண்ணாச்சியும் அவளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார். தாட்சாயணிக்குப் பதவி உயர்வு வந்து, வேறு ஊரில் வேறு மருந்தைப் பார்க்கப் போனாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையை எழுதி எல்லோருக்கும் நல்லது நடந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஒன்றரை வருஷம் கழித்து, தீபாவளிக்கு முந்தைய வாரம், சேலை எடுக்க அதே கடைக்கு வந்தாள். தங்கசாமி இருந்த இடத்தில் வில்லைகளைக் காணோம். சுங்குடிப் பிரிவில் முப்பிடாதி நின்றாள். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டாள், காபி வரவழைத்தாள், தாட்சாயணி வேண்டாம் வேண்டாம் என்றாலும் இருபது சேலையைப் பிரித்துப் போட்டாள். தை மாதம் கல்யாணமாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு அம்மா அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டினாளாம். ஃபிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாளாம்.

காபி வேலையைக் காட்டியது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

“இங்க ஏதுக்கா,” என்றாள் முப்பிடாதி. “ரெண்டாவது மாடியில இருந்ததை டிரயல் ரூம் ஆக்கிட்டாக. நாலாவது மாடியில இருந்தது இப்ப கல்யாணப் பட்டு. எல்லாருக்கும் காலையில விடுதியிலயே பாதி கொடுத்துருதாகல்லா, பிறகு எதுக்குன்னு. உங்க புண்ணியத்துல வில்லை ஒழிஞ்சுதுன்னு இசக்கியக்கா எப்பவும் சொல்லும்.”

கவுண்டர் ஓரத்தில் குங்குமம், கற்கண்டு வைத்த தட்டில், நடுவில் கோடு போட்ட சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளும் இருந்தன. வாடிக்கையாளருக்காம்.

“இப்பப் போட்டுப் பிரயோசனம் இல்ல. அடுத்த தடவை வீட்டுலயே பாதி போட்டுட்டு வந்துருங்கக்கா. எல்லாரும் அப்படித்தான் வாராக.”

தாட்சாயணி தட்டைப் பார்த்தாள், முப்பிடாதியைப் பார்த்தாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “உனக்குத்தான் இது ஆகாதே, நீ என்ன பண்றே?” என்று கேட்டாள்.

“ஆகாதுன்னு நீங்கதானக்கா எழுதிக் கொடுத்தீங்க. நான் தொடுறதே இல்ல.” முப்பிடாதி சொல்லும்போது அந்தப் பழைய, சொன்ன சொல்லைத் தட்டாத முகம். “தண்ணிதான் குடிக்கதில்ல. காலையில ஒரு டம்ளர், ராத்திரி ரெண்டு.”

பிறகு அடுத்த சேலையை உதறிப் பிரித்து, தன் தோளில் போட்டுக் காட்டி, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள்.